சிறிய அறைக்கு ஏற்ற கித்தார்

இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் கித்தார். அதை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தரப் போவதில்லை. சிறிய வீட்டில் குடியிருப்பவர், அடிக்கடி பயணம் போகிறவர், விடுதியில் மூவர் நால்வருடன் ஓர் அறையில் தங்குகிறவர், இவர்கள் தமக்கென ஒரு சின்னக் கித்தாரை வாங்கவோ, சொல்லிச் செய்விக்கவோ விரும்பினால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. பென்சிலும் தாளும் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில அளவுகள் வரும்.

பாலிக் புலாவ் பினாங்குத் தீவின் மேற்கே, மலைக்கு அப்பால் உள்ள ஊர். சாதிக்காய், கிராம்பு, டுரியான் என்று சொன்னால் பலருக்கும் நினைவு வரும். ஜோர்ஜ் டவுனிலிருந்து வருவதானால் வளைந்து வளைந்து ஏறி இறங்கும் மலைப்பாதை. கூட்டமான பஸ்ஸில் பெரிய கித்தார்ப் பெட்டியை வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நின்றவர்களுக்குச் சிறிய வாத்தியத்தின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் எங்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. எங்களிடம் படித்த பிள்ளைகள் வளர்ந்து தொழிற்சாலை விடுதிகளுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் போய்விடுகிறார்கள். அங்கே ஒருவருக்குக் கிடைப்பது ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும்தான். அப்படிப் போன மாணவி ஒருத்தி, ஆறு மாதச் சேமிப்பில் ஒரு சின்னக் கித்தார் வாங்கினாள். மூன்று மாதம் முயன்றும் எந்தப் பாட்டும் இனிமையாக வரவில்லை. “சார், எனக்குச் சங்கீத ஞானமே இல்லை போலிருக்கு” என்று சொல்லி, வாத்தியத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவளுக்கு ஞானம் நன்றாகவே இருந்தது. குறை கித்தாரில் இருந்தது. அது என்ன குறை என்பதைச் சற்றுப் பின்னர் பார்ப்போம்.

சிறிய கித்தார் என்றவுடன் விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. நமது வட்டாரத்திலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. மலாய், இந்தோனேசிய மக்களின் குரோன்சோங் இசையில் சாக், சுக் என்று இரண்டு சிறிய நரம்புக் கருவிகள் உண்டு. போர்த்துகீசியக் கப்பல்களோடு வந்த சிறு கித்தாரின் வழிவந்தவை அவை. அதே குடும்பத்துச் சின்னக் கருவி ஒன்று 1879-இல் மடைரா தீவிலிருந்து போன தொழிலாளர் கப்பலில் ஹவாய்த் தீவுக்குச் சென்று, அங்கே உகுலேலே ஆயிற்று. கரும்புத் தோட்டத்தில் கூலிவேலை செய்யப் போனவர்கள், கையில் எடுத்துச் செல்லக்கூடிய அளவில் ஒரு வாத்தியத்தையும் கொண்டுபோனார்கள். 1929-இல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி இளமையில் பழகிய வாத்தியங்களில் உகுலேலேயும் ஒன்று. நம்மவரில் மேண்டலின் யு. சீனிவாசை எடுத்துக்கொள்வோம். மேண்டலினின் தந்தி நீளம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர்தான். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் கொண்ட அந்த மேனாட்டுக் கருவியை, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மேண்டலினாக அவர் அமைத்துக்கொண்டார். கர்நாடக இசையின் கமகங்களுக்கு அது இடம் கொடுத்தது. தன் இசைக்கு எது வேண்டும் என்று தெரிந்து, அதற்கேற்பச் சின்ன வாத்தியத்தை மாற்றியமைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி அளவுகளுக்கு வருவோம். கடைக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கித்தாரின் உடல் எவ்வளவு பெரியது என்பதை. நாம் முதலில் பார்க்க வேண்டியது தந்தி நீளம். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் தாண்டிச் செல்லும் வெள்ளைத் துண்டுக்கும், உடலின் மேல் ஒட்டியிருக்கும் குதிரைக்கும் இடையே அதிர்கின்ற கம்பியின் நீளமே அது. பெரியவர் வாசிக்கும் நைலான் கம்பிக் கித்தாரில் இது 650 மில்லிமீட்டர். உருக்குக் கம்பிக் கித்தார்களில் பெரும்பாலும் 630-க்கும் 650-க்கும் இடையில் இருக்கும். முக்கால் அளவு என்று விற்கிறார்களே, அதில் ஏறக்குறைய 580. அரை அளவு என்பதில் 530. ஆகவே அந்தப் பெயர்களைக் கணக்குப் பாடத்துப் பின்னங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 650-இல் முக்கால் பங்கு 580 ஆகாது என்று நாலாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

கடையில் இதை அளப்பது எளிது. தையற்காரர் நாடா ஒன்று போதும். அந்த வெள்ளைத் துண்டிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கித்தாரில் ஃபிரெட் என்கிறார்கள். குதிரை வரை நேராக அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வரும். கம்பியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறுவதால், அதை ஈடுகட்டக் குதிரையைச் சற்றுப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள்.

தந்தி நீளம் குறைந்தால் என்ன ஆகும்? மெட்டுகள் நெருங்கி வரும். 650 அளவில் முதல் மெட்டின் அகலம் 36 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 580-இல் அது முப்பத்திரண்டரை. சிறு கைகளுக்கு இது வசதி. தடித்த விரல்களுக்கு மேல் மெட்டுகளில் நெருக்கடி.

இரண்டாவது விளைவுதான் முக்கியமானது. அதே கம்பியை, அதே சுருதியில், குறைந்த நீளத்தில் கட்டினால் அதன் இழுவிசை குறையும். நீளத்தின் வர்க்கப்படி குறையும். 650-க்குப் பதில் 580 என்றால், இழுவிசை ஐந்தில் நான்கு பங்கு ஆகிவிடுகிறது. கம்பி தொளதொளவென்று இருக்கும். விரல் சற்று அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். பலமாக மீட்டினால் மெட்டுகளில் பட்டு ‘ஙீ’ என்று இரையும். சின்னக் கித்தார் சுருதியில் நிற்பதில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இதற்குப் பரிகாரம் எளிது. ஒரு படி தடித்த கம்பிகளைக் கட்டினால் இழுவிசை பழையபடி கூடிவிடும். கித்தாரை விற்கிறவர் இதைச் சொல்வது அரிது. பெரிய கித்தாருக்கு உரிய மெல்லிய கம்பிகளையே சின்னதற்கும் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இதே கணக்கை வேறு வழியில் தீர்த்த வாத்தியம் ஒன்று உண்டு. யமஹா நிறுவனத்தின் கித்தாலேலே. உகுலேலே அளவு, ஆனால் ஆறு கம்பிகள். அதன் தந்தி நீளம் 433 மில்லிமீட்டர். அதாவது பெரிய கித்தாரில் மூன்றில் இரண்டு பங்கு. வழக்கமான சுருதியில் கட்டினால் இழுவிசை ஒன்பதில் நான்கு பங்காக விழுந்துவிடும். கம்பி துணி காயப்போடும் கயிறுபோல் தொங்கும். ஆகவே அதை ஸ-விலிருந்து ம-வுக்கு உயர்த்திக் கட்டுகிறார்கள். இந்த இரண்டு சுரங்களின் அதிர்வு விகிதம் மூன்றுக்கு நான்கு. அதன் வர்க்கம் ஒன்பதுக்குப் பதினாறு. ஒன்பதில் நான்கை ஒன்பதில் பதினாறால் பெருக்கிப் பாருங்கள். எண்பத்தொன்றில் அறுபத்து நான்கு, அதாவது மறுபடியும் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் வருகிறது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, கணக்கென்றால் ஓடும் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்டார்கள். ஆனால் ஒன்று: இப்படி உயர்த்திக் கட்டிய வாத்தியத்தை வழக்கமான கித்தாருடன் சேர்ந்து வாசிப்பதானால், விரல் வைக்கும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். தனியாகப் பாடி வாசிப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்த மாணவியின் கித்தாருக்கு வருவோம். அதில் மெல்லிய கம்பிகள் இருந்தன. அது சிறிய குறை. பெரிய குறையைக் கண்டுபிடிக்கக் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பன்னிரண்டாவது மெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு மட்டும் மீட்டுங்கள். மணிபோல் ஒரு நாதம் எழும். அடுத்து அதே இடத்தில் கம்பியை அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியாக ஒலிக்க வேண்டும். அவளுடைய கித்தாரில் இரண்டாவது ஒலி நன்றாக ஏறியிருந்தது. குதிரையைத் தவறான இடத்தில் ஒட்டியிருந்தார்கள். அந்த வாத்தியத்தில் யார் வாசித்திருந்தாலும் அபசுரம்தான். ஆறு கம்பிகளிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ஒரு நிமிட வேலை.

இனி உடல். கித்தாரின் உடலுக்குள் இருக்கும் காற்றும் அதிர்கிறது. முழு அளவுக் கித்தாரில் அந்தக் காற்றின் இயல்பான அதிர்வு நொடிக்கு நூறை ஒட்டி இருக்கும். மிகத் தடித்த கம்பியின் ஒலி நொடிக்கு 82 அதிர்வு. உடல் சிறுத்தால் காற்றின் அதிர்வு மேலே போய்விடும். மந்தர ஒலிக்குத் துணை இல்லாமல், சத்தம் தகரம்போல் மெலிந்து கேட்கும். சொல்லிச் செய்விக்கிறவருக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. அகலத்தைக் குறைத்து, ஆழத்தைச் சற்றுக் கூட்டச் சொல்லலாம். மேற்பலகையின் வட்டத் துளையைச் சற்றுச் சிறிதாக்கச் சொல்லலாம். இரண்டும் காற்றின் அதிர்வைக் கீழே இறக்கும். அலமாரியின் பக்கத்தில் நிற்கும் கித்தாருக்கு ஒரு சென்டிமீட்டர் ஆழம் கூடுவதால் இடம் ஒன்றும் போய்விடாது.

பயணத்துக்கு என்றே செய்த கித்தார்கள் பலவகை. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் விற்ற பேக்பேக்கர், துடுப்புப்போல் மெலிந்த உடல் கொண்டது. 1994-இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் அது விண்ணுக்கே போய்வந்தது. கொண்டுபோக மிகவும் எளிது. மடியில் நிற்காது, ஒலியும் மெலிவு. கழுத்து மடங்குகிற கித்தார்களும், கழற்றி மாட்டுகிறவையும் உண்டு. கூடுகள் போட்டு அமைத்தவை இவை. கூடு தேய்ந்தால் சரிசெய்ய நம் ஊரில் ஆள் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டுதான் வாங்க வேண்டும். உடலே இல்லாமல் சட்டம் மட்டும் கொண்ட கித்தார்கள் இன்னொரு வகை. காதில் கருவி மாட்டிக்கொண்டால் வாசிப்பவருக்கு மட்டும் கேட்கும். இரவுப் பணி முடித்துத் தூங்கும் தோழியின் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பழக வேண்டியவர்களுக்கு இது தக்கது. அந்த வசதி இல்லாதவர்கள், குதிரைக்கு அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்துச் செருகினாலே ஒலி பாதிக்குமேல் அடங்கிவிடும்.

எங்கள் கருத்தைக் கேட்டால், முழுக் கித்தாரின் வடிவத்தையே கொண்ட சிறு கித்தார்தான் பெரும்பாலோருக்குப் பொருந்தும். 1996-இல் வெளிவந்த பேபி டெய்லரின் தந்தி நீளம் 578 மில்லிமீட்டர். லிட்டில் மார்ட்டினுடையது 584. 2010-இல் வந்த ஜி.எஸ். மினியினுடையது 597. இந்த மூன்றில் பெரியவர் கைக்குக் கடைசி அளவே வசதி. விண்வெளி ஆய்வு நிலையத்தில் 2001 முதல் இருக்கும் கித்தாரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. கனடாவின் லாரிவே நிறுவனம் செய்தது. அந்நாட்டு விண்வெளி வீரர் கிறிஸ் ஹேட்ஃபீல்ட் 2013-இல் அங்கே மிதந்தபடி அதை வாசித்துப் பாடியதை உலகமே பார்த்தது. நமது விடுதி அறை அவ்வளவு நெருக்கடியானதன்று.

கடையில் இருப்பது பொருந்தாவிட்டால், கைவினைஞரிடம் சொல்லிச் செய்விக்கலாம். விலை பல மடங்கு, காத்திருப்பும் மாதக்கணக்கு. ஆகவே வாசிக்கப் பழகாதவர் இதில் இறங்க வேண்டாம் என்போம். இரண்டு ஆண்டாவது ஒரு சாதாரணக் கித்தாரில் பழகியபின்தான் நமக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியும். தந்தி நீளம் 600 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். கழுத்தின் தலைப்பக்க அகலம் நைலான் கம்பிக் கித்தாரில் வழக்கமாக 52 மில்லிமீட்டர், உருக்குக் கம்பிக் கித்தாரில் 43, 44. சிறு கித்தார் என்பதற்காக அதை மேலும் ஒடுக்கச் சொல்லாதீர்கள். நீளம் குறைந்த கழுத்தில் அகலமும் குறைந்தால் விரல்கள் ஒன்றையொன்று மிதிக்கும். கழுத்தை உடலுடன் ஒட்டாமல் திருகாணியால் இணைக்கச் சொல்வது நல்லது. பின்னாளில் கழற்றிச் சரிசெய்யலாம். கழுத்துக்குள் ஓர் உருக்குக் கம்பியும் வேண்டும். உருக்குத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. நைலான் என்றால் 40 கிலோ அளவில்.

பிறகு மரம். பினாங்கில் ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மேனாட்டுக் கித்தார்ச் சாலைகளில் 45, 50 விழுக்காட்டில் பலகைகளை ஒட்டுகிறார்கள். அந்தக் கித்தார் இங்கே வந்தவுடன் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. மேற்பலகை வயிறு வைத்து, கம்பிகள் மெட்டிலிருந்து மேலே ஏறிவிடுகின்றன. அழுத்திய விரல் நுனி நோகும். பன்னிரண்டாவது மெட்டில் உருக்குக் கம்பி இரண்டரை மில்லிமீட்டர் உயரத்திலும், நைலான் கம்பி நான்குக்கு உட்பட்டும் இருந்தால் நல்லது. முழுப்பலகையே உயர்ந்தது, ஒட்டுப்பலகை மட்டம் என்று கடையில் சொல்வார்கள். ஒலியைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் பஸ்ஸிலும் படகிலும் போய், குளிரூட்டிய அறையிலும் மழைச்சாரல் அடிக்கும் பலகை வீட்டிலும் மாறி மாறிக் கிடக்கப்போகிற கித்தாருக்கு, பக்கங்களும் முதுகும் ஒட்டுப்பலகையாக இருப்பதே பாதுகாப்பு. மேற்பலகை ஒன்று மட்டும் முழுப்பலகையாக இருக்கட்டும்.

வெளிநாட்டு மரம்தான் வேண்டும் என்பதில்லை. தஞ்சாவூரில் வீணையைப் பலாமரத்தில் குடைகிறார்கள். கோலாலம்பூரில் ஜெஃப்ரி யோங் என்னும் கித்தார்க் கைவினைஞர் உள்ளூர் மரங்களைக் கொண்டு கித்தார் செய்து பெயர் பெற்றவர். அவர் எடுத்தாண்ட மரங்களில் ஒன்று நமது தூங்குமூஞ்சி மரம். தைப்பிங் ஏரிப் பூங்காவில் தண்ணீரைத் தொடும்படி கிளை தாழ்ந்து நிற்கின்றனவே, அதே மரம். அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து நட்டது. நாம் அதன் நிழலில் பஸ்ஸுக்குக் காத்து நின்றோமே தவிர, அதற்குள் ஒரு கித்தார் இருக்கிறது என்று எண்ணியதில்லை. இங்கேயே வளர்ந்து, இந்த ஈரத்திலேயே பதப்பட்ட மரத்தை இங்கேயே ஒட்டினால், பிறகு உப்புவது குறைவு. பலகையை எத்தனை ஆண்டு காயவைத்தீர்கள் என்று கைவினைஞரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல கைவினைஞர் அந்தக் கேள்வியை விரும்புவார்.

விமானப் பயணம் பற்றி ஒரு சொல். பல நிறுவனங்கள் கைப்பைக்கு அனுமதிக்கும் நீளம் 56 சென்டிமீட்டர். கித்தாலேலேகூட அதைவிட நீளம். ஆகவே பயணக் கித்தார் என்று பெயர் இருப்பதாலேயே உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நம்பாமல், சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. பெட்டியாக அனுப்ப நேர்ந்தால் கம்பிகளை ஒரு சுரம் தளர்த்தி, தலைப்பகுதியின் அடியில் துணி திணித்து அனுப்புங்கள். விழுந்தால் முதலில் முறிவது அந்த இடம்தான். காரில் வெயிலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் சூடு ஏறினால் பசை இளகி, குதிரை பெயர்ந்து வந்துவிடும்.

வீட்டில் வைக்கும் இடம் உட்சுவராக இருக்கட்டும். மழை அடிக்கும் வெளிச்சுவரும், அடுப்படிச் சுவரும் கூடாது. கட்டிலுக்கு அடியில் தரையோடு வைத்தால் ஈரமும் கரையானும் சேரும். ஆணியடிக்க அனுமதி இல்லாத விடுதியில், கித்தாரைப் பையிலிட்டு அலமாரியின் பக்கமாக நிமிர்த்தி வைக்கலாம். வாசித்து முடித்ததும் கம்பிகளைப் பழைய பருத்தித் துணியால், அடிப்பக்கமும் சேர்த்து, ஒரு முறை துடைத்துவிடுங்கள். நமது வியர்வையில் உருக்குக் கம்பி விரைவில் துருவேறும். துருவேறிய கம்பி சுருதியில் நிற்காது. அப்போது கித்தாரை மாற்ற வேண்டியதில்லை, கம்பியை மாற்றினால் போதும்.